பிப்ரவரியில் ஊரில் இல்லாதவர்கள்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் காய் வாங்கும்போதும் சரி, சிராங்கூன் ரோட்டில் பணம் அனுப்பும் கடை வரிசையில் நிற்கும்போதும் சரி, பேச்சு எங்கே தொடங்கினாலும் சீக்கிரமே இங்கே வந்துவிடும்: “அண்ணே, ஊருல எந்தப் பக்கம்?” “மன்னார்குடி.” “மன்னார்குடியேவா?” “இல்லண்ணே, உள்ளிக்கோட்டை.”

உள்ளிக்கோட்டைக்காரர் மன்னார்குடி நகராட்சி எல்லைக்குள் வரமாட்டார். வேலை சிங்கப்பூரில் என்பதால் உள்ளிக்கோட்டைத் தலைக்கணக்கிலும் வரமாட்டார். இங்கே சிங்கப்பூர்க் கணக்கெடுப்பு இனவாரியாகப் பிரித்துக் காட்டுவது குடியுரிமை பெற்றவர்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும்தான். 2020-இல் அப்படிப்பட்டவர்கள் 40.4 லட்சம், அதில் இந்தியர் 9 விழுக்காடு. ஒர்க் பெர்மிட்டில் வந்தவர், குடியிருப்பாளர் அல்லாத 16.4 லட்சம் பேரில் ஒருவராக, இனமும் மொழியும் இல்லாமல் நிற்கிறார். இரண்டு நாட்டு ஏடுகளிலும் அவருக்கு ஊர் கிடையாது. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கடையநல்லூர், காரைக்குடி போன்ற ஊர்களின் மக்கள்தொகையைப் படிக்க உட்காருகிறவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இவரைத்தான்.

மன்னார்குடியையே எடுத்துக்கொள்வோம். 2001-இல் 61,588 பேர். 2011-இல் 66,999 பேர். பத்து ஆண்டில் சுமார் 8.8 விழுக்காடு வளர்ச்சி. அதே காலத்தில் தமிழ்நாடு 15.6 விழுக்காடு வளர்ந்தது. இதைப் பார்த்ததும் “தேங்கிப்போன ஊர்” என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் கடைத்தெருவில் ஒரு மாலை நேரம் நடந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். சுற்றுப்பட்டுக் கிராமங்களின் நகைக்கடை, துணிக்கடை, ஆஸ்பத்திரி, பத்திரப் பதிவு எல்லாம் அங்கேதான். காலையில் பஸ்ஸில் வந்து மாலையில் திரும்புகிற கூட்டம் நகராட்சியின் தொகையில் இல்லை, ஏனென்றால் இந்தியா ஆளை எண்ணுவது வேலை செய்யும் இடத்தில் அல்ல, குடியிருக்கும் இடத்தில். ஊரைச் சுற்றி முளைத்த புதுக் குடியிருப்புகள் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஊராட்சிகளில் விழுந்தால் அவையும் இதில் சேராது. ஆக 66,999 என்பது ஒரு கோட்டுக்குள், ஒரு குறிப்பிட்ட பிப்ரவரியில் இருந்தவர்களின் எண்ணிக்கை.

அந்த பிப்ரவரி எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். 2011-இல் கணக்கெடுப்பாளர்கள் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகப் போனார்கள். 28 இரவு வீடற்றவர்களை எண்ணினார்கள். மார்ச் 1 முதல் 5 வரை மறுசுற்றில் அந்த இடைவெளியில் பிறந்தவரைச் சேர்த்து, இறந்தவரை நீக்கினார்கள். அடிப்படை நேரம் மார்ச் 1, 00:00 மணி. வழக்கமாக அந்த வீட்டில் வசிப்பவர், அந்த இருபது நாளில் ஒரு பொழுதாவது அங்கே இருந்திருந்தால் சேர்த்தி. இருபது நாளும் முழுக்க வெளியில் இருந்தவர் சேர்த்தி இல்லை. விருந்தாளி என்றால் நேர்மாறு: தன் வழக்கமான இருப்பிடத்தை விட்டு அந்தக் காலம் முழுக்க விலகி இருந்தால்தான் போன இடத்தில் எண்ணப்படுவார்.

சிங்கப்பூர் வேலைக்காரருக்கு இது எப்படிப் பொருந்தும்? பொங்கலுக்குப் போனவர் ஜனவரி கடைசியில் திரும்பிவிடுவார். கட்டுமானத் தளங்கள் சீனப் புத்தாண்டை ஒட்டி மூடும்போது போகிறவர்கள் உண்டு. 2011-இல் அந்தப் புத்தாண்டு பிப்ரவரி 3. கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டத் தொடங்கிய 9-ஆம் தேதிக்குள் பலருக்கு லீவு முடிந்திருக்கும். அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நேரம் 2027 மார்ச் 1, 00:00 மணி என்று அறிவித்திருக்கிறார்கள்; தலைக்கணக்கு பிப்ரவரியில். 2027-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6. கதை மாறப்போவதில்லை.

விதி இப்படி என்றாலும் வாசலில் நடப்பது வேறாக இருக்கும். “உங்க வீட்டுல எத்தனை பேரும்மா?” என்று கேட்டால் எந்தத் தாயும் வெளிநாட்டிலுள்ள மகனை விட்டுவிட்டு எண்ணிச் சொல்லமாட்டாள். கேள்வியை மாற்றி, “இப்ப இங்க தங்கியிருக்கிறவங்க யார் யாரு?” என்று கேட்கிற அனுபவசாலி அவன் பெயரை எழுதமாட்டார். கேட்காதவர் எழுதிவிடுவார். தெருவுக்குத் தெரு இந்த வேறுபாடு இருக்கும். அதனால் வார்டு அளவில் சின்னச் சின்ன வித்தியாசங்களைப் பெரிதாக எடுத்துக்கொண்டு வாதாடுவது வீண்.

எந்த மாவட்டத்து ஏட்டில் தேடுவது?

பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ஊர் நகராது, மாவட்டம் நகரும். மன்னார்குடி 1981 கணக்கெடுப்பில் தஞ்சாவூர் மாவட்டம். 1991 மார்ச்சிலும் தஞ்சாவூர்தான், நாகப்பட்டினம் தனி மாவட்டமானது அந்த ஆண்டு அக்டோபரில். திருவாரூர் மாவட்டம் 1997-இல் வந்ததால் 2001, 2011 ஏடுகளுக்குத் திருவாரூரைத் திறக்க வேண்டும். இடையில் சில ஆண்டுகள் மன்னார்குடி நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்ததற்குக் கணக்கெடுப்பு ஏடுகளில் தடயமே கிடையாது. கடையநல்லூர் இன்று தென்காசி மாவட்டம், ஆனால் தென்காசி பிரிந்தது 2019 நவம்பரில். 2011-இன் 90,364 பேரும் திருநெல்வேலி ஏட்டில் இருக்கிறார்கள். காரைக்குடிக்கு 1981 வரை இராமநாதபுரம், 1991-இல் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம், 2001 முதல் அதே மாவட்டம் சிவகங்கை என்ற பெயரில். 1910-க்கு முன்னால் போனால் இராமநாதபுரம் என்ற மாவட்டமே இல்லை, மதுரையைப் பார்க்க வேண்டும்.

பழைய ஏடுகளில் பெயர்களும் ஆங்கிலேயர் நாக்குக்கு வந்தபடி இருக்கும்: டாஞ்சூர், டின்னவெல்லி, டிரிச்சினாபொலி. 1906-இல் வந்த தஞ்சாவூர் கெஜட்டியரும் (ஆங்கிலேய அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல்) மதுரை கெஜட்டியரும், 1917-இல் வந்த திருநெல்வேலி கெஜட்டியரும் ஒவ்வொரு தாலுகாவுக்கும் தனிப் பகுதி ஒதுக்கி, அதில் முக்கிய ஊர்களைப் பற்றிச் சில பத்திகள் எழுதியிருக்கின்றன. எழுதியவர்கள் கலெக்டர் வர்க்கம், பார்வையும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் எந்த ஊரில் எந்தத் தொழில் நடந்தது, யார் நிலம் வைத்திருந்தார்கள் என்பதற்கு இவற்றை விட்டால் சுருக்கமான இடம் இல்லை. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் மேல்மாடிகளில் உள்ள லீ கொங் சியான் நோக்கீட்டு நூலகத்திலிருந்து தேடலைத் தொடங்கலாம்.

நவீன ஏட்டுக்குப் பெயர் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு. இரண்டு பகுதி. முதல் பகுதி ஊர் விவரம், இரண்டாவது பகுதி தலைக்கணக்கு. பலர் இரண்டாவதை மட்டும் புரட்டிவிட்டு மூடிவிடுகிறார்கள். ஊரின் குணம் முதல் பகுதியில் இருக்கிறது. நகரங்களுக்கான அட்டவணைகளில் முதலாவது 1901 முதலான வளர்ச்சி வரலாறு. அதற்கடுத்தது மழை, வெப்பம், ரயில் நிலையம், பெரிய நகரம் ஆகியவற்றுக்கான தூரம். பிறகு குடிநீர்த் தேக்கத் தொட்டி, கழிப்பறை, மின் இணைப்புகள் (வீடு, தொழில், வணிகம், தெருவிளக்கு எனத் தனித்தனியாக), மருத்துவம், பள்ளிகள், திரையரங்கு, நூலகம், கடைசியில் அந்த ஊரில் உற்பத்தியாகும் முக்கியப் பொருள்கள் மூன்று, வங்கிகளின் எண்ணிக்கை. வணிக மின் இணைப்பை வீட்டு இணைப்பால் வகுத்துப் பாருங்கள். சந்தை ஊரா, குடியிருப்பு ஊரா என்பது அந்த ஒரு வகுத்தலில் பாதி தெரிந்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: இது அந்தத் தேதிக்கான படம். 2011 மார்ச்சில் மன்னார்குடிக்கு ரயில் இல்லை, நீடாமங்கலம் போய்த்தான் ஏற வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் ரயில் மீண்டும் வந்தது. 2011 ஏட்டை வைத்துக்கொண்டு “ரயில் இல்லாத ஊர்” என்று இன்றைக்கும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நகரம் என்றால் எது என்பதிலும் குழப்பம் வரும். நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சி போன்றவை சட்டப்படி நகரம். இது தவிர, ஊராட்சியாகவே இருந்தாலும் 5,000 பேருக்குக் குறையாமல், வேலை செய்யும் ஆண்களில் 75 விழுக்காடாவது விவசாயம் அல்லாத தொழிலில், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாமல் இருந்தால் அதைக் கணக்கெடுப்பு நகரம் என்பார்கள். பெண்களின் வேலையை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. களை எடுக்கவும் நாற்று நடவும் போகிறவர்களைச் சேர்த்தால் எத்தனை “நகரங்கள்” மீண்டும் கிராமமாகும் என்று யோசிக்கலாம். தமிழ்நாட்டில் 2011-இல் 1,097 நகரங்கள். அதில் 721 சட்டப்படி நகரம், 376 கணக்கெடுப்பு நகரம். அளவு வகுப்பும் உண்டு: லட்சமும் அதற்கு மேலும் முதல் வகுப்பு, 50,000 முதல் 99,999 வரை இரண்டாவது, 20,000-க்கு மேல் மூன்றாவது, 10,000-க்கு மேல் நான்காவது, 5,000-க்கு மேல் ஐந்தாவது, அதற்குக் கீழே ஆறாவது. மன்னார்குடியும் கடையநல்லூரும் இரண்டாம் வகுப்பு.

இல்லாத ஆண்களைக் கண்டுபிடிப்பது

2011-இல் மன்னார்குடியில் 1,000 ஆண்களுக்கு 1,029 பெண்கள். பட்டுக்கோட்டையும் ஏறக்குறைய அப்படித்தான். மாநிலச் சராசரி 996. ஆறு வயதுக்குள் மட்டும் பார்த்தால் மாநிலத்தில் 1,000 ஆண் குழந்தைக்கு 943 பெண் குழந்தைகள்தான். தொட்டிலில் 943 என்று தொடங்கும் மாநிலத்தில் ஓர் ஊரின் மொத்தக் கணக்கு 1,029-இல் வந்து நின்றால், இடையில் ஆண்கள் எங்கோ போயிருக்கிறார்கள்.

எங்கே என்று இந்த எண் சொல்லாது. சென்னைக்கும் திருப்பூருக்கும் போனவரும் சிங்கப்பூர் போனவரும் ஊர் ஏட்டில் ஒரே மாதிரிதான் மறைவார்கள். பெண்கள் ஆண்களைவிட அதிக நாள் வாழ்வதும் விகிதத்தைத் தூக்கும். மாநிலத்திலேயே அதிக விகிதம் நீலகிரிக்கு, 1,042. அங்கே யாரும் வெளிநாட்டுப் பணத்தைக் காரணமாகச் சொல்வதில்லை. ஆகவே இரண்டு படியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் ஊரின் மொத்த ஆண், பெண் எண்ணிக்கையிலிருந்து 0–6 வயதினரைக் கழித்துவிட்டு மீதிக்கு விகிதம் போடுங்கள். அடுத்து மாவட்ட அட்டவணையில் ஐந்தைந்து வயதுப் பிரிவுகளை எடுத்து, நகர்ப்புற வரியை மட்டும் பாருங்கள். 60-க்கு மேல்தான் பெண்கள் அதிகம் என்றால் அது ஆயுள். 25 முதல் 44 வரை ஆண்கள் குறைந்து, 60-க்கு மேல் வித்தியாசம் சிறிது என்றால் அது இடப்பெயர்வு. டெல்டா மாவட்டங்களுக்கு இதைச் செய்யும்போது ஒன்றில் கவனம் தேவை: கல்லூரி விடுதி மாணவர்கள் விடுதி இருக்கும் ஊரில் எண்ணப்படுவார்கள். பொறியியல் கல்லூரி விடுதி ஒன்று எல்லைக்குள் இருந்தாலே 15–19, 20–24 வயதுப் பிரிவுகள் கோணலாகிவிடும். அந்தப் பிரிவுகளை ஒதுக்கிவிட்டுப் பார்ப்பது நல்லது.

போன வழியும் ஊரை மாற்றியிருக்கிறது. நாகப்பட்டினத்தில் ரஜுலா, பின்னர் சிதம்பரம் என்று கப்பல் ஏறிய காலத்தில் டெல்டாவின் வாசல் அந்தத் துறைமுகம். 1985-இல் நடந்த தீ விபத்தோடு சிதம்பரம் கப்பலின் பயணம் முடிந்தது. இன்று வாசல் திருச்சி விமான நிலையம். நாகையின் பழைய கப்பல் தெருக்களின் தொகையையும் திருச்சிப் பாதையில் உள்ள ஊர்களின் தொகையையும் 1981-லிருந்து அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு நிறைய வேலை இருக்கிறது.

வீடுகள் சொல்வது

தலைக்கணக்குக்கு முந்தைய ஆண்டில் வீட்டுப் பட்டியல் எடுப்பார்கள். என் கருத்தில் ஓர் ஊரின் குணத்தைப் படிக்கத் தலைக்கணக்கைவிட இதுதான் மேல். ஆள் இல்லாவிட்டாலும் வீடு இருக்கும் அல்லவா?

முதல் அட்டவணையில் ஊரிலுள்ள எல்லாக் கணக்கெடுப்பு வீடுகளும், அதில் எத்தனை காலி, எத்தனை ஆள் இருந்தும் பூட்டியிருந்தது, எத்தனை குடியிருப்பு, கடை அல்லது அலுவலகம், பள்ளி, விடுதி, மருத்துவமனை, பட்டறை, வழிபாட்டிடம் என்று பிரித்திருக்கும். நாடு முழுவதும் 2011-இல் சுமார் 33.08 கோடி வீடுகளில் 2.47 கோடி காலி, அதாவது ஏழரை விழுக்காடு. உங்கள் ஊரின் விகிதத்தை இதோடு ஒப்பிடுங்கள். 20,000 வீடுள்ள ஊரில் 1,500 காலி என்றால் சராசரி. 3,000 என்றால் காரணம் தேட வேண்டும்: வெளிநாட்டுப் பணத்தில் கட்டி ஆள் குடிவராத புது வீடா, வாரிசு வராத பழைய வீடா? அதைத் தரை, கூரை அட்டவணை சொல்லும். கான்கிரீட் கூரை, மொசைக் அல்லது டைல்ஸ் தரை, இரு சக்கர வண்டி, கார் இவை மாவட்டச் சராசரியைவிடத் தூக்கலாக இருந்து, வேலை செய்வோர் விகிதம் மட்டும் தாழ்ந்திருந்தால் பணம் வெளியிலிருந்து வருகிறது. உள்ளூர் வேலையில் வந்த பணம் என்றால் இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கும்.

செட்டிநாட்டில் இந்தப் பட்டியல் கொஞ்சம் திணறும். கணக்கெடுப்பு வீடு என்பது தனி வாசல் உள்ள கட்டடம் அல்லது அதன் பகுதி. குடும்பம் என்பது ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள். நகரத்தார் வழக்கத்தில் திருமணமான மகனை வேறு வைத்தால் அதே வளவு வீட்டுக்குள்ளேயே அவனுக்குத் தனி அடுப்பு. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் ஒரே வீட்டில் நான்கு அடுப்பு எரிந்தால் ஒரு வீடு, நான்கு குடும்பம். நால்வரும் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்து, ஒரு காவல்காரர் மட்டும் தங்கினால் ஒரு வீடு, ஒரு குடும்பம், ஓர் ஆள். பூட்டிக் கிடந்தால் ஒரு காலி வீடு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே வீடு. காரைக்குடியைச் சுற்றிக் காலி வீட்டு எண்ணிக்கை கட்டடப் பரப்பை ஒருபோதும் காட்டாது, எட்டுச் சாதாரண வீடுகளின் அளவுள்ள மாளிகையும் ஒன்றுதான்.

நகரத்தார் தங்களை எண்ணும் முறை வேறு. ஒரு தம்பதி ஒரு புள்ளி. ஒன்பது கோயில்களில் ஏதாவது ஒன்றின் கீழ்ப் பதிவு, புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. அந்தப் புள்ளி காரைக்குடியில் உறங்குகிறதா, சிங்கப்பூரில் உறங்குகிறதா என்பது கேள்வியே இல்லை. 1859-இல் எழுந்த தேங் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குத் தைப்பூசத்துக்கு வருகிறவரும் ஊரில் ஒரு புள்ளி. கடையநல்லூர் போன்ற ஊர்களில் ஜமாத்துப் பதிவேடும் இதே தர்க்கத்தில் நடக்கிறது: சந்தா கொடுக்கும் குடும்பம் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த மஹல்லாவின், அதாவது பள்ளிவாசல் வட்டாரத்தின், குடும்பம். சிங்கப்பூரில் கடையநல்லூர்க்காரர்கள் 1941-லேயே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற பெயரில் சங்கம் வைத்துவிட்டார்கள். சொந்த ஊரின் முழு அளவு தெரிய வேண்டுமானால் அரசு ஏட்டோடு இந்த ஏடுகளையும் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டையும் கூட்டக் கூடாது. ஊரில் இருப்பவர் இரண்டிலும் இருப்பார்.

தொழில் கட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக: ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், குறைந்தால் குறுகியகாலத் தொழிலாளர். அதற்குள் சாகுபடியாளர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்றவை. கடையநல்லூர் போன்ற நெசவு வழிவந்த ஊர்களில் வீட்டுத் தொழில் கட்டத்தை 1991, 2001, 2011 என்று வரிசையாகப் பார்த்தால் தறி நின்ற கதை வரும். டெல்டாவில் விவசாயக் கூலி குறைந்து குறுகியகாலக் கூலி கூடியிருந்தால் அந்தக் கணக்கெடுப்புக்கு முந்தைய ஆண்டில் மேட்டூர் எப்போது திறந்தது என்று பாருங்கள். ஊர் மாறிவிட்டது என்று அவசரப்பட வேண்டாம்.

நம்பக்கூடாத எண்கள்

2011-க்குப் பிறகு இந்தியாவில் கணக்கெடுப்பு முடிந்ததில்லை. இணையத்தில் “மன்னார்குடி மக்கள்தொகை 2024” என்று கடைசி இலக்கம் வரை துல்லியமாக ஓர் எண் கிடைத்தால், அது பெரும்பாலும் 2001–2011 வளர்ச்சி விகிதத்தை அப்படியே நீட்டியதுதான். வாக்காளர் பட்டியலில் 18 வயதுக்குக் குறைந்தவர் இல்லை, வெளிநாடு போனவர் பெயர் சில தெருவில் இருக்கும், சில தெருவில் நீக்கியிருப்பார்கள். அதை இரண்டால் பெருக்கி ஊர்த் தொகை சொல்லும் வழக்கத்தை விட்டுவிடலாம். குடும்ப அட்டை எண்ணிக்கையை நான்கால் பெருக்குவது அதைவிடப் பரவாயில்லை, மாநிலத்தில் குடும்பத்துக்குச் சராசரி 3.9 பேர்தான். ஆனால் அண்ணன் தம்பி ஒரே வீட்டில் தனித்தனி அட்டை வைத்திருப்பது எல்லா ஊரிலும் உண்டு.

காரைக்குடிக்கு 2011-இல் இரண்டு எண்கள் உண்டு: நகராட்சி 1,06,714, சுற்றியுள்ள ஊர்களைச் சேர்த்த நகரத் தொகுப்பு 1,81,851. இரண்டும் சரி. கட்டுரைகளில் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். 2024-இல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சில ஊராட்சிகளும் உள்ளே வந்தன. 2027 கணக்கெடுப்புக்கான எல்லைகள் 2025 டிசம்பர் 31 நிலவரப்படி உறைந்துவிட்டன. ஆகவே 2027-இல் வரப்போகும் காரைக்குடி எண் பெரிதாக இருக்கும், அதை 1,06,714-உடன் ஒப்பிட்டு “ஊர் பெருத்துவிட்டது” என்று தலைப்பும் வரும். ஒப்பிட விரும்புகிறவர் 2011 கையேட்டில் கோட்டையூரையும் கண்டனூரையும் இணைந்த ஊராட்சி ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். நகரத் தொகுப்பு எண்ணையே அடிப்படையாக எடுக்கக் கூடாது, அதன் எல்லை வேறு. கணக்கெடுப்பு ஏடுகளில் தமிழ்நாட்டின் குறியீடு 33. சட்டப்படி நகரங்களின் ஆறு இலக்கக் குறியீடு 8-இல் தொடங்கும். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு அந்தக் குறியீட்டைப் பிடித்துப் போனால் ஒரே பெயருள்ள ஊர்கள் கலக்காது.